‘பார்த்துப் போ’ என்றால் போதுமா?

கிடங்குகளில் தலைக்கு மேல் காத்திருக்கும் ஆபத்து

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே ஹின்ஸ்டாக் என்று ஒரு சிற்றூர். 2016-ம் ஆண்டு மே மாதம் ஒரு நாள், அந்த ஊர்க் கிடங்கு ஒன்றில் ஒரு தொழிலாளி வேலை செய்துகொண்டிருந்தார். பெட்டிகளை அலாக்காகத் தூக்கி உயரத்தில் வைக்கும் வண்டி இருக்கிறதே, ‘போர்க்லிப்ட்’ என்று சொல்வார்களே, அதை ஓட்டுவது அவர் வேலை.

கிடங்கு நிறையப் பாலாடைக் கட்டி. உயரமான இரும்பு அலமாரிகள். தட்டுத் தட்டாகச் சரக்கு.

திடீரென்று அலமாரிகள் சரிந்தன. அத்தனை பாலாடைக் கட்டியும் ஒரே குவியலாக வந்து விழுந்தது. வண்டியும் ஆளும் அதற்குள்ளே!

தீயணைப்பு வீரர்கள் ஓடி வந்தார்கள். அவசரப்பட்டு ஒரு கம்பியை இழுத்தால் மீதியும் சரியும். ஆகவே மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் அந்த மனிதர் உயிரோடு வெளியே வந்தார்!

உலகம் முழுவதும் பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. பாலாடைக் கட்டிக்குள் புதைந்த மனிதர் என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்? ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அவர் வண்டிக்குள் இருந்தார். அந்த வகை வண்டிகளுக்கு ஓட்டுபவர் தலைக்கு மேல் கனத்த இரும்புக் கம்பியில் கூரை போட்டிருப்பார்கள். அதே இடத்தில் ஒருவர் வெறும் தரையில் நின்றிருந்தால், செய்தி வேடிக்கைச் செய்தியாக இருந்திருக்காது.

நம் ஊர் மலைகள்

நம் ஊரில் பாலாடைக் கட்டி மலை இல்லை. மூட்டை மலை உண்டு. அரிசி, நெல், சர்க்கரை, சிமெண்டு, உரம் என்று எத்தனையோ மலைகள்.

‘குடோன்’ என்று நாம் சொல்கிறோமே, அது இங்கிலீஷ் வார்த்தை என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. ஆங்கிலேயர் அதை மலாய் மொழியிலிருந்து எடுத்தார்கள். மலாய்க்காரர்களுக்கு அது போனது தமிழின் ‘கிடங்கு’, தெலுங்கின் ‘கிட்டங்கி’ ஆகியவற்றிலிருந்து என்பது சொல் ஆராய்ச்சிக்காரர்கள் கூறுவது. நம் வீட்டுச் சொல் கப்பலேறிப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

சரக்கைச் சேர்த்து வைப்பது நமக்கு அவ்வளவு பழைய தொழில். இந்திய உணவுக் கழகம் 1965-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி தொடங்கியபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகத்தை வைத்தது தஞ்சாவூரில்தான். செங்குன்றத்து அரிசி மண்டிகளைத் தெரியாதவர் உண்டா? இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால், சாலையின் இரு புறமும் ரயில் நிலையம் போல நீண்ட கிடங்குகள் நிற்கின்றன.

அங்கெல்லாம் தினமும் ஆயிரக்கணக்கானோர் மூட்டைக்கும் பெட்டிக்கும் கீழே நடமாடுகிறார்கள். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு புறப்படும்போது வீட்டிலே சொல்கிறார்கள்: ‘பார்த்துப் போங்க.’ மேஸ்திரியும் அதையேதான் சொல்கிறார்: ‘பார்த்து வேலை செய்யுங்கப்பா!’

அன்பான வார்த்தைதான். ஆனால் அது போதுமா?

ஒன்று எண்ணுவதற்குள்!

ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்குத்தான்.

உயரத்திலிருந்து நழுவிய பொருள், முதல் ஒரு விநாடியில் 16 அடி விழுந்துவிடும். கனமான பொருளுக்கும் ஒரே கணக்கு, லேசான பொருளுக்கும் ஒரே கணக்கு. (காகிதமும் பஞ்சும் வேறு. அவற்றைக் காற்று தாங்கும்.) அந்த ஒரு விநாடி முடிவில் அதன் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். டவுன் பஸ் ஓடும் வேகம்!

உங்கள் தலைக்கு மேல் 16 அடியில் ஒரு மூட்டை நழுவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உள்ள அவகாசம் ஒரே விநாடி. அதற்குள் சத்தம் காதில் விழ வேண்டும். தலை நிமிர வேண்டும். எது, எங்கே என்று கண் கண்டுபிடிக்க வேண்டும். இடது பக்கம் ஓடுவதா, வலது பக்கமா என்று புத்தி தீர்மானிக்க வேண்டும். அப்புறம் கால் கிளம்ப வேண்டும். தோளில் வேறு 50 கிலோ இருந்தால்?

இன்னொன்றும் உண்டு. சத்தம் கேட்டால் நாம் செய்யும் முதல் காரியம் என்ன? அண்ணாந்து பார்க்கிறோம். விழுகிற பொருளுக்கு முகத்தைக் காட்டுகிறோம்!

வீட்டுக்கும் இதே கணக்குத்தான். பரணில் வைத்த அண்டா தலைக்கு மேல் நாலு அடியில் இருந்தால், அது வந்து சேர அரை விநாடி போதும். தாய்மார்களே, கீழே குழந்தை உட்கார்ந்திருக்கும்போது பரணில் சாமான் இழுக்காதீர்கள்.

ஆகவே, ‘கவனமாக இரு’ என்பது கீழே நிற்பவனுக்குச் சொல்லும் புத்தி. விழுகிற பொருளோ அவன் கவனத்துக்குக் காத்திருப்பதில்லை. அது நழுவுவதற்கு முன்பு செய்தால் உண்டு. நழுவிய பிறகு செய்ய நேரமே கிடையாது. விபத்து நடந்தவுடன், ‘ஆள் அஜாக்கிரதையாக நின்றான்’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. கீழே நின்றவனா மேலே அடுக்கினான்?

அட்டி போடுவது ஒரு கலை

மூட்டைகளை அடுக்கி நிறுத்துவதை ‘அட்டி போடுவது’ என்பார்கள். பார்ப்பதற்குச் சாதாரண வேலை. ஆனால் அதில் உள்ள நுட்பம், கொத்தனார் சுவர் எழுப்பும் நுட்பத்துக்குக் குறைந்ததல்ல.

செங்கல் சுவரைக் கவனித்திருக்கிறீர்களா? கீழ்க் கல்லின் இணைப்புக்கு நேரே மேல் கல்லின் இணைப்பு வராது. வந்தால் சுவர் பிளந்துவிடும். மூட்டைக்கும் அப்படியே. ஒரு வரிசை நீளவாட்டில் போட்டால், அடுத்த வரிசை குறுக்குவாட்டில். அப்போது மேல் மூட்டை, கீழ் மூட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மூட்டையின் வாய் அட்டியின் உட்புறம் பார்த்திருக்க வேண்டும். வெளிப்புறம் வைத்தால் என்ன? தையல் விட்டால் தானியம் கொட்டும். கொட்டினால் மூட்டை இளைக்கும். இளைத்தால் மேலே இருப்பது சாயும்.

தரையில் நேராக அடுக்குவதில்லை. ஈரம் ஏறாமல் இருக்க மரச்சட்டம் போடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் ஒன்று உளுத்திருந்தால் போதும், மொத்த அட்டியும் ஒரு பக்கம் சாயத் தொடங்கும். சுவரில் சாய்த்தும் அடுக்கக் கூடாது. சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் போய்ப் பார்க்கும்படி சந்து விட வேண்டும்.

அட்டிக்கு எதிரிகள் யார் யார்? முதல் எதிரி எலி! அடி மூட்டையில் எலி ஓட்டை போட்டால், இரவெல்லாம் தானியம் ஒழுகும். காலையில் வருகிறவர் கண்ணுக்கு அட்டி நேற்றுப் போலவே இருக்கும். அடியில் பலம் போயிருக்கும். கூரை ஒழுகினால் சாக்கு மக்கும். இரும்புக் கொக்கி போட்டு இழுத்தால் சாக்கு கிழியும். பிளாஸ்டிக் சாக்கு வந்த பிறகு இன்னொரு தொல்லை. சணல் சாக்கு சொரசொரப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வழுவழுப்பு, வழுக்கும்.

இவ்வளவையும் விடப் பெரிய ஆபத்து அடுக்கும்போது இல்லை. பிரிக்கும்போதுதான்! மேலிருந்து, படிக்கட்டு போல வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். அதுதான் முறை. ஆனால் லாரி வாசலில் நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மேலே ஏறி இறக்க நேரம் ஆகும் என்று, கைக்கு எட்டும் உயரத்திலேயே நாலு மூட்டையை உருவுகிறார்கள். அட்டிக்கு நடுவே குகை விழுகிறது. குகைக்கு மேலே பத்து வரிசை தொங்குகிறது.

ஏன் உருவுகிறார்கள்? சோம்பலா? இல்லை. பல இடங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நேரம் போனால் கூலி போயிற்று. மேலே ஏறி இறங்கும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒரு முதலாளி சொல்லிவிட்டால், பாதி அட்டிகள் தாமாகவே ஒழுங்காக நிற்கும் என்று நான் நினைக்கிறேன்.

வளைந்த கால்

புதுமாதிரிக் கிடங்குகளில் சாக்கு அட்டிக்குப் பதில் இரும்பு அலமாரி. மூன்று மாடி உயரம் கூட உண்டு. அதன் பலம் எல்லாம் கால்களில் இருக்கிறது. கால்கள் மெல்லிய தகடை மடித்துச் செய்தவை. நேராக நிற்கும் வரை டன் கணக்கில் தாங்கும். லேசாக வளைந்துவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி மளமளவென்று குறைந்துவிடும்.

ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழல் செய்து நிறுத்துங்கள். அதன்மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். நிற்கும். இப்போது குழலின் நடுவே விரலால் ஒரு சின்னச் சொடுக்கு! என்ன ஆகிறது பாருங்கள்.

போர்க்லிப்ட் வண்டி திரும்பும்போது அலமாரிக் காலில் இடித்துவிடுவது உண்டு. ‘சின்ன நசுங்கல்தானே’ என்று ஓட்டுபவர் போய்விடுவார். சொன்னால் திட்டு விழும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம். நசுங்கிய கால் நிற்கிறது, ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். பிறகு யாரோ ஒரு பாரத்தை மேல் தட்டில் வைக்கிறார்கள். பக்கத்து அலமாரியோடு கம்பிகளால் இணைத்திருப்பதால், விழும்போது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறது. இடித்தவர் ஒருவர், அகப்படுபவர் வேறொருவர்!

இடித்ததை வந்து சொன்னவனைத் திட்டாத மேஸ்திரிதான் நல்ல மேஸ்திரி.

சும்மாட்டிலிருந்து தொப்பி வரை

மூட்டை தூக்குகிறவர் தலையில் சும்மாடு வைக்கிறார். துண்டைச் சுருட்டி வைத்தது. பாரத்தைத் தாங்க அது நல்ல ஏற்பாடு. விழுகிற பொருளுக்கு அது போதாது.

மேல்நாட்டில் கப்பல் கட்டும் துறைகளில் அந்தக் காலத் தொழிலாளிகள் தங்கள் தொப்பியில் தாரைப் பூசி வெயிலில் காயவைத்துப் போட்டுக்கொள்வார்களாம். மேல்தளத்திலிருந்து ஆணியும் சுத்தியலும் தலையில் விழும் அல்லவா, அதற்காக!

முதல் உலக யுத்தம் முடிந்து, புல்லார்டு என்ற இளைஞர் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். அவருடைய தந்தை சுரங்கத் தொழிலாளிகளுக்கு விளக்கு முதலிய சாமான்கள் விற்றவர். யுத்தத்தில் தலையில் போட்டிருந்த இரும்புத் தொப்பி மகன் நினைவில் இருந்தது. சிப்பாய்க்கு ஒரு தொப்பி என்றால் தொழிலாளிக்கு ஏன் ஒன்று கூடாது? கித்தான் துணியைப் பசையில் தோய்த்து, நீராவியில் வேகவைத்து, 1919-ல் ஒரு தொப்பி செய்தார். வேகவைத்த தொப்பி என்றே அதற்குப் பெயர்! 1933-ல் சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டத் தொடங்கியபோது, தொப்பி போடாதவன் வேலைக்கு வரக்கூடாது என்று தலைமை எஞ்சினியர் ஜோசப் ஸ்ட்ராஸ் உத்தரவு போட்டார்.

தொப்பி எப்படிக் காப்பாற்றுகிறது? ஓடு கெட்டியாக இருப்பதால் மட்டும் அல்ல. உள்ளே பட்டைகள் இருக்கின்றன. ஓடு தலையைத் தொடாமல் அந்தப் பட்டைகளில் தொங்குகிறது. அந்தக் காலி இடம்தான் உயிர்!

ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் 16 அடி விழுந்து, வெறும் தலையில் ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்கிறது என்று கொண்டால், தலைமேல் விழும் அமுக்கம் அரை டன்! அதே அடி தொப்பிமேல் விழுந்து, பட்டை இழுபட்டு, நாலு சென்டிமீட்டரில் நின்றால் அமுக்கம் நாலில் ஒரு பங்காகிறது. ஓடும் அதைத் தலை முழுவதும் பரப்பிவிடுகிறது.

இது தெரியாமல், தொப்பிக்கும் தலைக்கும் நடுவே பீடிக்கட்டு, தீப்பெட்டி, மடித்த துண்டு எல்லாம் செருகி வைக்கிறார்கள் சிலர். காலி இடம் போயிற்று. தொப்பி இருந்தும் இல்லாத மாதிரி!

தொழிற்சாலைத் தொப்பிக்கு இந்தியத் தர எண் 2925. மோட்டார் சைக்கிள் தொப்பிக்கு 4151. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அந்த எண்ணையும் பாருங்கள். வருடக்கணக்காக வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கும். பலமாக அடிபட்ட தொப்பியைக் கீறல் இல்லாவிட்டாலும் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

ஆனால் தொப்பியை நம்பி மட்டும் ஏமாறக் கூடாது. சுத்தியலுக்குத் தொப்பி. 50 கிலோ மூட்டை விழுந்தால் மண்டை தப்பினாலும் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் தப்பாது. தலையில் தொப்பியை மாட்டிவிட்டு, அட்டியைச் சாயவிட்டுவைப்பது என்ன நியாயம்?

எடையும் ஒரு காரணம்

பெட்டியின் எடை தெரியாமல் தூக்கினால் சங்கிலி அறும். இதற்காகவே 1929-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு ஒப்பந்தம் செய்தது. கப்பலில் வரும் பொட்டணம் 1,000 கிலோ அல்லது அதற்கு மேல் இருந்தால் எடையை அதன் மேலேயே எழுத வேண்டும் என்றது. 1967-ல் அதே அமைப்பு, ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் மூட்டை 55 கிலோவுக்கு மேல் போக வேண்டாம் என்று பரிந்துரை செய்தது. நம் ஊரில் 100 கிலோ மூட்டை சர்வசாதாரணமாக இருந்த காலம் உண்டு. பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போது உணவு தானியச் சாக்கு 50 கிலோ அளவுக்கு வந்திருக்கிறது. மூட்டை சிறுத்தால் முதுகு மட்டும் அல்ல, அட்டி போடும் கையும் தளராமல் சரியாக வைக்கிறது.

குடும்பத்துக்கு உரியது என்ன?

விபத்து நடந்தே விட்டது. அப்புறம்?

வேலை செய்யும்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இது தர்மம் அல்ல, உரிமை.

உயிர் போய்விட்டால் கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 25 வயதானவருக்கு அந்த எண் 216.91. நாற்பது வயதுக்கு 184.17. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு அரசு ஒரு வரம்பு குறிக்கும். 2020-ல் அது 15,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வரம்பின்படி நாற்பது வயதுத் தொழிலாளியின் குடும்பத்துக்கு வருவது 13 லட்சத்து 81 ஆயிரத்து 275 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு வழி வேறு. அங்கே குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும்.

‘இவன் என் ஆள் இல்லை, காண்டிராக்டர் கூட்டி வந்த ஆள்’ என்று கிடங்கு முதலாளி சொல்லலாம். தன் தொழிலின் வழக்கமான வேலைக்குத்தான் அந்த ஆளை விட்டிருந்தால், அந்தச் சாக்கு செல்லாது. தொப்பி போடவில்லை என்று காரணம் காட்டி, இறந்தவர் குடும்பத்துக்கு உள்ளதை மறுக்கவும் முடியாது.

ஆனால் எல்லாம் ஒரு சின்ன இடத்தில் வந்து நிற்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். ‘எப்படி அடிபட்டது?’ என்று டாக்டர் கேட்கிறார். கூட வந்தவர் முந்திக்கொண்டு, ‘வீட்டிலே வழுக்கி விழுந்துட்டாருங்க’ என்கிறார். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாமே என்ற எண்ணம். அல்லது அப்படிச் சொல்லும்படி யாரோ சொல்லி அனுப்பியிருக்கலாம். டாக்டர் அதை அப்படியே எழுதிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து மனைவி நஷ்டஈடு கேட்டுப் போகும்போது, எதிர்க்கட்சி வக்கீல் முதலில் எடுத்து நீட்டும் காகிதம் அதுதான்.

எந்தக் கிடங்கு, எத்தனை மணி, எந்த அட்டி சரிந்தது, கூட நின்றவர் யார் யார்? டாக்டர் கேட்கும்போது இந்த நான்கையும் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள்.